ஐந்தாம் வருஷத்துக்காரி

நவம்பர் 12, செவ்வாய்

முட்டியில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். இருபது நிமிஷம் அசையக் கூடாது. வேறு வேலையும் இல்லை.

இன்று கூடைப்பந்துப் பயிற்சியில் புதுப்பெண் ஸாரியா விட்லோ என்னை மூன்று முறை தாண்டிப் போனாள். முதல் முறை வலப்பக்கம். இரண்டாவது முறை இடப்பக்கம். மூன்றாவது முறை எந்தப் பக்கம் போனாள் என்று எனக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தபோது பந்து வளையத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

“கிழவி, முட்டி என்ன சொல்லுது?” என்று கேட்டாள், மூச்சு கூட வாங்காமல்.

“உன்னை மாதிரி நாலு பேரைப் பாத்தாச்சுன்னு சொல்லுது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவளை மாதிரி ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை.

எனக்கு இருபத்து மூன்று. வெஸ்ட்காட் கல்லூரியில் இது ஐந்தாவது வருஷம். நாலு வருஷம்தான் ஆட விடுவார்கள்; இது முட்டி அறுவை சிகிச்சையால் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்ததற்குக் கிடைத்த உபரி வருஷம். அவளுக்குப் பதினெட்டு. வாட்டர்லூ என்கிற பக்கத்து ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பெரிய கல்லூரிகள் எல்லாம் கூப்பிட்டும், அம்மா பஸ் ஏறி வந்து பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று எங்களிடம் வந்தாளாம்.

நான் பந்தை நடத்துகிறவள். யாருக்குப் போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்கிற இடம் என்னுடையது. அவளும் அந்த இடத்துக்காரிதான். இடம் ஒன்றுதான்.

நவம்பர் 17, ஞாயிறு

ஊர்ப் பத்திரிகையில் அரைப் பக்கம்: கல்லூரிக் கூடைப்பந்தில் பெரிது எது, அனுபவமா திறமையா? அருகருகே இரண்டு படம். இடப்பக்கம் நான், வாயைத் திறந்து கத்திக்கொண்டு. வலப்பக்கம் ஸாரியா, தரையை விட்டு இரண்டடி மேலே.

கட்டுரைக்காரர் எனக்குத்தான் சாதகமாக எழுதியிருக்கிறார். மார்ச் மாதத்தில் ஜெயிக்கிற அணிகளில் மூத்தவர்கள்தான் அதிகமாம். அழுத்தம் வரும்போது இளசுகள் உடைந்துவிடுமாம். “ஹேவர்காம்புக்கு இரண்டு வினாடி முன்னாலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது” என்று என்னைப் பற்றி ஒரு வரி.

அந்த வரியை ஏன் நாலு தரம் படித்தேன்?

அப்பா போன் செய்தார். பண்ணையில் பின்னணியில் பன்றிகள் கத்துகிற சத்தம். “முதல் குளிர்காலத்தைத் தாண்டாத கன்னுக்குட்டிக்கு யாராவது விலை பேசுவாங்களா? உன் கோச்சுக்குத் தெரியும். கவலைப்படாதே.”

“நான் கவலைப்படறேன்னு யார் சொன்னா?”

“உங்கம்மா.”

டிசம்பர் 9, திங்கள்

கோச் ஆஸ்ட்ராண்டர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அப்போதே தெரிந்துவிட்டது.

“ரெனே, புதன்கிழமையிலேர்ந்து ஆட்டத்தை ஸாரியா ஆரம்பிக்கிறா. நீ அப்புறம் மாத்து ஆளா உள்ள வருவே.”

“சரி, கோச்.”

“கேப்டன் நீதான். அதுல மாற்றமில்ல.”

“சரி, கோச்.”

“ஏதாவது சொல்லணும்னா சொல்லு.”

“ஒண்ணுமில்ல, கோச்.”

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். என்னோடு தங்கியிருக்கிற பிரிட், எங்கள் அணியின் நெட்டைக்காரி, ஆறடி மூன்று அங்குலம், கட்டிலில் உட்கார்ந்து கார்ன்ஃப்ளேக்ஸைப் பால் இல்லாமல் மென்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பெட்டியை நீட்டினாள். இருவரும் மென்றோம்.

அஞ்சு வருஷம். அஞ்சு வருஷம் அந்தப் பொம்பளைக்காக ஓடினேன். ஒரு முட்டியைக் கொடுத்தேன். நாலு மாசம் பாத்து முடிவு பண்ணிட்டாங்க.

டிசம்பர் 11, புதன்

ஜெயித்தோம். ஸாரியா 27 புள்ளி. நான் ஆறு நிமிஷம்.

டிசம்பர் 21, சனி

ஜெயித்தோம். ஏழு நிமிஷம்.

ஜனவரி 4, சனி

தொடர்ந்து ஐந்தாவது வெற்றி. அரங்கம் நிரம்பிவிட்டது. சின்னப் பெண்கள் ஸாரியாவின் எண்ணைக் கன்னத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். அவள் ஒவ்வொருத்தியிடமும் நின்று பேசினாள். ஒருத்தி என்னிடமும் கையெழுத்துக் கேட்டாள். அவள் அம்மா சொல்லிக்கொடுத்துத்தான் கேட்டாள்.

அந்தப் பெண் நல்லவளாக இருப்பதுதான் கஷ்டம். கர்வம் பிடித்தவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

ஜனவரி 18, சனி

செயின்ட் ஹெட்விக் கல்லூரியிடம் தோற்றோம். 58-62.

இன்று எழுத முடியாது.

ஜனவரி 19, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

ஹெட்விக் அணியின் கோச் ஜோன் மஹாஃபி. அறுபது வயதுப் பெண்மணி. இரண்டாம் வருஷம் முட்டி அறுவைக்குப் பிறகு நான் பெஞ்சில் கிடந்தபோது, பந்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. வயிறு எரியும். அதனால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்றைக் கண்டுபிடித்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை நம் ஆள் ஆடுகளத்தின் பாதிக்கோட்டைத் தாண்டியதும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாய்ந்து மடக்குவார்கள். கண்ணாடி மூக்கில் இருந்தால் மடக்கு வராது. அவ்வளவுதான்.

மறு வருஷம் ஆடத் திரும்பியதிலிருந்து ஹெட்விக்குக்கு எதிராக ஒரு தடவைகூட நான் மடக்கில் சிக்கவில்லை. அவர்கள் பாய்வதற்கு முன்பே பந்து என் கையில் இருக்காது. “எப்படித் தெரியுது உனக்கு?” என்று கேட்பார்கள். தோளைக் குலுக்குவேன். அனுபவம் என்று எல்லோரும் அவர்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள். ரெண்டு வினாடி முன்னாலேயே தெரிகிற அந்தப் பெரிய ஞானம், அந்தப் பத்திரிகைக்காரர் எழுதியது, ஒரு கிழவியின் கண்ணாடி.

நான் யாருக்கும் சொன்னதில்லை. பிரிட்டுக்குக்கூட.

நேற்று ஸாரியா ஒன்பது தடவை பந்தைப் பறிகொடுத்தாள். ஒன்பது தடவையும் அதற்கு முன்னால் மஹாஃபி கண்ணாடியைக் கழற்றினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் பார்த்தேன். கத்தியிருக்கலாம். ஒரு சொல் போதும். இடைவேளையில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டைக் கடித்துக்கொண்டு, “எங்கேயிருந்துடி வர்றாங்க இவங்க?” என்று கேட்டாள்.

நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்!

ஜனவரி 21, செவ்வாய்

கோச் மறுபடி கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொல்லவில்லை.

“தப்பு என்னோடது. ஹெட்விக் மாதிரி ஆளுங்க முன்னாடி பச்சைப் பிள்ளையைத் தள்ளிட்டேன். நீ இருந்திருந்தா அந்த ஒன்பதும் நடந்திருக்காது. சனிக்கிழமை நீ ஆரம்பிக்கிறே.”

“சரி, கோச்.”

இதைத்தான் ஆசைப்பட்டேன். கிடைத்துவிட்டது. பிறகு ஏன் வீட்டுக்குப் போன் செய்யவில்லை?

ஜனவரி 25, சனி

ஜெயித்தோம், மூன்று புள்ளியில். நான் 31 நிமிஷம் ஆடினேன். பத்திரிகை இணையதளத்தில் தலைப்பு: “அனுபவம் பேசியது.”

கீழே யார் யாரோ எழுதியிருக்கிறார்கள். பாப்பாவைப் பால் புட்டியோடு பெஞ்சில் உட்கார வையுங்கள். வாட்டர்லூவுக்கே பஸ் ஏற்றி அனுப்புங்கள். அதைவிட மோசமானவை, நான் இங்கே எழுத விரும்பாதவை.

அவளும் படித்திருப்பாள். எல்லோரும் படிக்கிறோம். படிப்பதில்லை என்று சொல்கிறவர்கள்தான் அதிகம் படிக்கிறவர்கள்.

ஜனவரி 30, வியாழன்

பயிற்சிக்கு அரை மணி முன்னால் போனேன். ஸாரியா தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். முன்பு அவள் பந்தைத் தட்டினால் அந்த ஓசையில் ஒரு அலட்சியம் இருக்கும். இப்போது எண்ணி எண்ணித் தட்டுகிறாள்.

“ரெனே, ஒண்ணு கேக்கட்டுமா?” கிழவி என்று கூப்பிடவில்லை. “அந்த ஹெட்விக் ஆட்டத்தோட வீடியோவை பதினோரு தடவை பாத்துட்டேன். எப்ப மடக்குவாங்க, எப்ப விடுவாங்கன்னு ஒரு கணக்கும் பிடிபடல. போன வருஷ வீடியோவையும் பாத்தேன். உனக்கு மட்டும் தெரியுது. எப்படி?”

வீடியோவில் கோச்கள் தெரியமாட்டார்கள். கேமரா பந்தை மட்டும்தான் பார்க்கும்.

“அஞ்சு வருஷம் ஆடு. தானா தெரியும்” என்றேன்.

தலையாட்டினாள். நம்பிவிட்டாள்.

சும்மா இருந்தது வேறு. இது பொய். வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஸாரியாவின் அம்மா வந்திருந்தார். உணவுக்கூடத்தில் மூலை மேசையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் தட்டோடு கடந்தபோது அந்த அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மருத்துவமனைச் சீருடையிலேயே வந்திருந்தார். வேலை முடிந்து நேரே பஸ் ஏறியிருக்க வேண்டும்.

“நீதானேம்மா கேப்டன்? இவகிட்ட கொஞ்சம் சொல்லும்மா. வருஷம் முடிஞ்சதும் வேற காலேஜுக்கு மாறிடறேங்கறா. எனக்கு ஆட்டமே வராதும்மாங்கறா. எட்டு வயசுலேர்ந்து இவ வாயில இந்த வார்த்தையை நான் கேட்டதே இல்ல.”

“அம்மா, விடுங்க” என்றாள் ஸாரியா, தட்டைப் பார்த்துக்கொண்டே.

“பேசறேன்மா” என்றேன் நான்.

பேசவில்லை. மேசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

பிரிட்டிடம் சொன்னேன். மதியம், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது. முழுதும் சொன்னேன். கண்ணாடி, ஒன்பது தடவை, தண்ணீர் பாட்டில், பொய்.

மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசிக் காலுறை வரை மடித்தாள். பிறகு:

“நான் அந்த ஆட்டத்துல வளையத்துல பட்டுத் திரும்பின பந்தைப் பதினேழு தடவை பிடிச்சேன்டி. அன்னிக்கு ராத்திரி நிமிர முடியல. தோத்தது நம்மால முடியாததாலன்னு நினைச்சேன்.”

“பிரிட்—”

“அவளை மட்டுமா கவுத்தே? என்னையும் சேத்துல்ல கவுத்தே.”

நான் அதை யோசித்ததே இல்லை. சத்தியமாக இல்லை. என் மனதில் ஆட்டம் என்பது நானும் அவளும் மட்டும்தான் என்று ஆகிவிட்டிருந்தது.

“புதன்கிழமை வரைக்கும் பாப்பேன். நீயா சொன்னா நல்லது. இல்லேன்னா நான் சொல்லிடுவேன். நாலு வருஷம் ஒரே அறையில இருந்திருக்கோம், அதனாலதான் ரெண்டு நாள்.”

பிப்ரவரி 5, புதன்

சொல்லிவிட்டேன்.

முதலில் கோச்சிடம் தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அது சுலபமான வழி என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். பயிற்சி முடிந்து எல்லோரும் உடை மாற்றும் அறையில் இருந்தபோது எழுந்து நின்றேன். மஹாஃபியின் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல ஐந்து நொடி ஆனது. மூன்று வருஷமாகப் பொத்திவைத்தது ஐந்து நொடி. மற்றதைச் சொல்லத்தான் நேரம் பிடித்தது.

ஸாரியா காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவள், மறுபடி கட்டினாள். எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

“நான் உங்கிட்ட நேரா கேட்டேன்.”

“ஆமா.”

“அஞ்சு வருஷம் ஆடுன்னே.”

“ஆமா.”

“எனக்கு மூளையில ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்டி! எங்கம்மா ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்காம வந்தாங்க. அவங்க உன் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாங்க. நீ ‘பேசறேன்மா’ன்னே!”

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். கொக்கியில் தொங்கிய என் சட்டை கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

கோச்: “கேப்டன் இனி பிரிட். ரெண்டு ஆட்டம் நீ சீருடை போட வேண்டாம். அப்புறம் பாப்போம்.”

“சரி, கோச்.”

“ஏன் சொன்னே? சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

பிரிட் கெடு வைத்ததைச் சொன்னேன். அதையும் மறைத்துப் புண்ணியவதி வேஷம் போட எனக்குத் தெம்பில்லை.

கோச் ஜன்னல் பக்கம் திரும்பினார். “நானும் அன்னிக்கு நாற்பது நிமிஷம் அந்தம்மாவுக்கு இருபது அடி தள்ளித்தான் நின்னேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம். ஒண்ணும் பாக்கல.”

அப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பன்றிகள்தான் பேசின. கடைசியில், “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா” என்றார். அவ்வளவுதான்.

பிப்ரவரி 8, சனி

ஸாரியா மறுபடி ஆரம்பிக்கிறாள். வருஷம் முடிந்ததும் போகிறாளா என்று பிரிட் கேட்டாளாம். “அந்தக் கண்ணாடிக்காரியை ஒரு தடவை ஜெயிச்சுட்டு யோசிக்கிறேன்” என்றாளாம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பந்து கேட்கும்போதுகூட என் பெயரைச் சொல்வதில்லை, கையைத் தட்டுகிறாள்.

பிப்ரவரி 15, சனி

ஹெட்விக்கை அவர்கள் அரங்கத்திலேயே 14 புள்ளியில் அடித்தோம்.

நான் சாதாரண உடையில் பெஞ்சின் கோடியில். கண்ணாடி கழன்ற ஒவ்வொரு தடவையும் எங்கள் பெஞ்சே “மழை!” என்று கத்தியது. அதுதான் அடையாளச் சொல். கத்தி முடிப்பதற்குள் ஸாரியா பந்தைப் பிரிட்டுக்குத் தள்ளிவிடுவாள். மடக்க வந்த இரண்டு பேரும் காற்றை மடக்கினார்கள்.

மூன்றாவது பகுதியில் மஹாஃபி கண்ணாடியைக் கழற்றினார். நாங்கள் கத்தினோம். அவர் மெல்லத் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தார். வரிசையாக ஒவ்வொரு முகமாக. என் முகத்தில் வந்து நின்றார். பிறகு கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 15, சனி

டி மாய்ன் நகரம். ஓட்டல் அறை. நாளை மதியம் ஒரு மணிக்கு இறுதி ஆட்டம். ஜெயித்தால் தேசியப் போட்டிக்கு நேரே போகலாம். வெஸ்ட்காட் இதுவரை போனதே இல்லை. எதிரே ஹெட்விக். வேறு யார்!

கோச்சிடம் சொன்னேன்: “அவங்க மாத்தியிருப்பாங்க, கோச். என்னைப் பாத்துட்டாங்க.”

“என்னவா மாத்தியிருப்பாங்க?”

“தெரியல.”

“அப்ப இருக்கிறதை வச்சு ஆரம்பிப்போம்.”

பிரிட் இப்போது என்னோடு பேசுகிறாள். முன்பு போல இல்லை, பேசுகிறாள். ஸாரியா இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன். பஸ் குலுங்கி எழுத்து கோணலாக வருகிறது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதல் பாதி நாசம். மஹாஃபி கண்ணாடியைக் கழற்றினார், “மழை!” என்று கத்தினோம், ஸாரியா அவசரமாகப் பந்தை வீசினாள், மடக்கே வரவில்லை. வீசிய வழியில் ஒருத்தி காத்திருந்தாள். நான்கு தடவை இப்படி. கண்ணாடி மூக்கில் இருந்தபோது மூன்று தடவை நிஜ மடக்கு வந்தது. நான் கொடுத்த அடையாளத்தை எங்களுக்கே கண்ணியாக வைத்துவிட்டார். இடைவேளையில் பதினொன்று பின்னால்.

உடை மாற்றும் அறையில் ஸாரியா ஆறு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு: “உன் அஞ்சு வருஷத்தைத் தூக்கிக் குப்பையில போடு!”

“போட்டுட்டேன்” என்றேன். “இனி யாரும் கத்த வேண்டாம். நான் சொன்னது பழசாயிடுச்சு.”

“அப்ப நான் எதைப் பாக்கட்டும்?”

“அந்தம்மாவைப் பாக்காதே. எங்களையும் பாக்காதே. நவம்பர்ல என்னை மூணு தடவை தாண்டினியே, அப்ப எதைப் பாத்தே?”

யோசித்தாள். “எதையும் பாக்கல. உன் இடுப்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு… தெரிஞ்சுது.”

“எனக்கு இன்னிக்கு வரைக்கும் அது தெரியாது. நான் கண்ணாடியைத்தான் பாத்தேன்.”

கோச் குறுக்கிடவில்லை. கரும்பலகையில் எழுதியிருந்ததை மட்டும் கையால் அழித்தார்.

இரண்டாம் பாதி… எப்படி எழுதுவது? மடக்க வந்தார்கள், இருவருக்கும் நடுவே போனாள். மூன்றாவது ஆளும் வந்தாள். அவள் தலைக்கு மேலே பந்தைப் பிரிட்டிடம் போட்டாள். இருபத்திரண்டு புள்ளி அந்தப் பாதியில் மட்டும். பதினொன்று ஆறானது, ஆறு இரண்டானது. கடைசி நிமிஷத்தில் எங்களில் வலது மூலையில் ஆடுகிறவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். கோச் பெஞ்சை ஒரு முறை பார்த்தார். “ரெனே.”

61-62, நாங்கள் ஒரு புள்ளி பின்னால். மீதி ஒன்பது வினாடி. பந்து எங்களுடையது.

ஸாரியா பாதிக்கோட்டைத் தாண்டினாள். இரண்டு பேர் பாய்ந்தார்கள். அவள் பின்வாங்கி, இடப்பக்கம் சுழன்றாள். அங்கிருந்தே எறிவாள் என்று அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னைத் தடுக்க வேண்டியவளும் அவளை நோக்கி ஓடிவிட்டாள். நான் வலது மூலையில் தனியே நின்றேன்.

பந்து என் கையில் இருந்தது.

அவள் என்னைப் பார்த்ததைக்கூட நான் பார்க்கவில்லை. ஐந்து வருஷமாக அதே மூலையிலிருந்து ஆயிரக்கணக்கில் எறிந்த பந்து. கையை விட்டுப் போனபோது சரியாகத்தான் போனது. வளையத்துக்குள் இறங்கியது. பாதி இறங்கியது. சுற்றி வெளியே வந்தது.

அவ்வளவுதான். ஆட்டம் முடிந்த ஒலி. ஹெட்விக் பெண்கள் ஓடினார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். நான் அதே இடத்தில் நின்றேன்.

பஸ் அரை மணி ஓடிய பிறகு ஸாரியா எழுந்து வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். வெளியே வெறும் வயல்கள், வெயிலில் ஈரமாக.

“நான்தான் எறிஞ்சிருக்கணும்னு இப்பவே எழுத ஆரம்பிச்சுட்டாங்க” என்றாள், போனைக் காட்டி.

“எறிஞ்சிருக்கணுமா?”

“இல்ல. என் மேல ரெண்டு பேரு, மூணாவதும் வந்துட்டா. நீ தனியா நின்னே.” கொஞ்சம் கழித்து: “உன்னை எனக்கு இன்னும் பிடிக்கல.”

“தெரியும்.”

“ஆனா நீ தனியா நின்னே.”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் எழுந்து போகவில்லை.

அழுத்தத்தில் இளசு உடையும் என்று எழுதியவர்கள் இதை என்னவென்று எழுதுவார்கள்? பதினெட்டு வயதுக்காரி, ஒன்பது வினாடியில், கோபத்தை ஒதுக்கிவிட்டு, சரியான இடத்துக்குப் பந்தைக் கொடுத்தாள். ஐந்தாம் வருஷத்துக்காரி தவறவிட்டாள்.

மார்ச் 17, திங்கள்

நான் தவறவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

செயின்ட் ஹெட்விக்கிலிருந்து கடிதம். மஹாஃபியின் கையெழுத்தில்.

“அந்தக் கண்ணாடியை நீ எப்போது கண்டுபிடித்தாய் என்று தெரியவில்லை. என் ஆட்டக்காரிகளே சில நாள் அதைக் கவனிக்கமாட்டார்கள். எங்களிடம் ஒரு இடம் இருக்கிறது. இரண்டு வருஷம். மேற்படிப்பு படித்துக்கொண்டே எதிரணிகளைப் பார்த்துக் குறிப்பு எழுதித் தர வேண்டும். பிடித்திருந்தால் சொல்.”

பிரிட்டிடம் காட்டினேன். “எதிரி வீட்டுக்கா?” என்றாள். பிறகு, “பாக்கறதுதான் உனக்கு வரும். போ. ஆனா இந்தத் தடவை பாத்ததைச் சொல்லு” என்றாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். வீட்டில் ஹாம் இறைச்சி, உருளைக்கிழங்கு, அம்மாவின் ஊறுகாய். அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தான் செய்ததை உணர்ந்து அவசரமாக எடுத்து மாட்டிக்கொண்டார். வீடே சிரித்தது. பிப்ரவரிக்குப் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்றுதான்.

ஏப்ரல் 23, புதன்

ஸாரியாவைத் தேடிப் போனேன். அவள் மாறிப் போகவில்லை, இங்கேயேதான் இருக்கப்போகிறாள். அரங்கத்துக்கு வெளியே படியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

“முதல் நாளே உன்னைப் பத்திக் கேப்பாங்க” என்றேன்.

“கேக்கட்டுமே.”

“நான் சொல்லிடுவேன். அது வேலை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எழுதிக் குடுப்பேன். அதனாலதான் முதல்ல உங்கிட்ட சொல்ல வந்தேன்.”

சுளையைப் பிய்த்து வாயில் போட்டாள். மென்று விழுங்கும் வரை என்னைக் காக்க வைத்தாள்.

“எழுதிக் குடு, கிழவி. நீ எழுதி முடிக்கறதுக்குள்ள நான் வேற ஆளா இருப்பேன்.”

கிழவி.

ஜனவரி 17, சனி

வெஸ்ட்காட் அரங்கம். ஐந்து வருஷம் நுழைந்த கதவு அல்ல. விருந்தாளி அணிக்கான பக்கத்துக் கதவு. எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தால் அரங்கமே வேறு அரங்கமாகத் தெரிகிறது. மேலே கூரையில் ஒரு மூலையில் ஒழுகல் கறை இருப்பதை இன்றுதான் பார்த்தேன்.

ஸாரியா விட்லோ பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. முக்கியமான வரியைச் சிவப்பில் எழுதினேன்: இருவர் மடக்கினால் பின்வாங்கி இடப்பக்கம் சுழல்வாள்.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிஷம் எங்கள் பெண்கள் இருவர் மடக்கினார்கள். இடப்பக்கத்தை அடைத்துக்கொண்டு, நான் சொன்னபடியே. ஸாரியா பின்வாங்கவில்லை. முன்னால் வந்தாள், வலப்பக்கமாக, ஒரு தோளை மட்டும் சாய்த்து. பந்து வளையத்தின் விளிம்பைத் தொடாமலே உள்ளே விழுந்தது.

மஹாஃபி என் பக்கம் திரும்பினார். “உன் குறிப்புல இது இல்லையே?”

“போன வருஷம் அவகிட்டயே இது இல்ல, கோச்.”

“ம்” என்றார். கோபமாகத் தெரியவில்லை.

ஒன்பது புள்ளியில் தோற்றோம். கை குலுக்கும் வரிசையில் ஸாரியா வந்தபோது வியர்வையில் அவள் உள்ளங்கை வழுக்கியது. “எத்தனை பக்கம் எழுதினே?” என்றாள். இரண்டு என்றேன். “பத்தாது” என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள்.

அந்தச் சிவப்பு வரியை அடித்துவிட்டேன். அதன் கீழே என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. காலையில் வீடியோவை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.